பெயர் சொல்லாத பாட்டு: கோவூர்ப் பஞ்சரத்தினமும் நரஸ்துதி என்னும் கேள்வியும்

பாட்டு யாரை நோக்கிப் பாடப்பட வேண்டும் என்பது இந்தியச் சமய மரபின் மிகப் பழைய கேள்விகளுள் ஒன்று. கலைஞனுக்கு உணவும் உடையும் தங்க இடமும் கொடுப்பவன் மனிதன். கலையையும் அதைச் செய்யும் உயிரையும் கொடுத்தவன் இறைவன் என்று நம்புகிற ஒருவர், தம் நாவில் எழும் புகழ்ச்சொல்லை இந்த இருவரில் யாருக்குச் செலுத்துவது என்று நிற்கும் இடத்தில் அந்தக் கேள்வி கூர்மை அடைகிறது. மனிதரைப் புகழ்ந்து பாடுவதை வடமொழி மரபு 'நரஸ்துதி' என்று அழைத்தது. பக்தி நெறியில் நின்ற பெரும்புலவர் பலர் அதைத் தம் நாவுக்கு விலக்கப்பட்ட ஒன்றாகவே கருதினார்கள். விலக்கு என்று சொல்லிவிடுவதால் மட்டும் கேள்வி தீர்ந்துவிடவில்லை. சோறிட்டவருக்கு நன்றி சொல்லாமல் இருப்பது அறமாகுமா, நன்றிக்கும் புகழ்ச்சிக்கும் இடையே எந்த இடத்தில் கோடு கிழிப்பது, பாட்டில் பெயர் இடம்பெறாத புரவலருக்கு அந்தப் பாட்டில் பங்கு உண்டா என்ற துணைக்கேள்விகள் பின்னாலேயே வருகின்றன. இவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க இடம் தருகிற ஊர் ஒன்று சென்னையின் மேற்குப் புறநகரில், போரூரிலிருந்து குன்றத்தூருக்குச் செல்லும் சாலையில், பூந்தமல்லிக்குத் தென்கிழக்கே இருக்கிறது. அதன் பெயர் கோவூர்.

இன்று கோவூருக்கு வருபவர்களில் பெரும்பாலோர் புதன் தலம் என்றே அதை அறிந்து வருகிறார்கள். கொளப்பாக்கம் சூரியனுக்கும் பூந்தமல்லி செவ்வாய்க்கும் போரூர் குருவுக்கும் மாங்காடு சுக்கிரனுக்கும் உரியதாகச் சொல்லப்படும் தொண்டை மண்டல நவக்கிரகத் தலங்களின் வரிசையில், கோவூரின் சுந்தரேசுவரர் கோயில் புதனுக்கு உரியது. மாங்காட்டில் அம்மன் செய்த தவத்தின் வெம்மையால் உலகம் வாடியபோது, திருமகள் பசுவின் வடிவம் எடுத்து வழிபட்ட இடம் என்பதால் 'கோ'வின் ஊர் கோவூர் ஆயிற்று என்பது தலபுராணம். கோயிலைச் சுற்றி அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துவிட்ட இந்தக் காலத்தில், வரும் பக்தருக்குச் சட்டென்று தெரியாத இன்னொரு பெருமையும் அந்த ஊருக்கு உண்டு. திருவையாற்றுத் தியாகராஜர் (1767–1847) இந்த இறைவன்மேல் ஐந்து கீர்த்தனைகள் பாடினார். இசையுலகம் அவற்றைக் 'கோவூர்ப் பஞ்சரத்தினம்', அதாவது கோவூரின் ஐந்து மணிகள், என்று அழைக்கிறது.

திருவையாற்றை விட்டு அதிகம் வெளியே செல்லாத தியாகராஜர், எழுபதை எட்டிய முதுமையில், 1830களின் இறுதியில், காஞ்சிபுரத்தில் வாழ்ந்த உபநிஷத் பிரம்மேந்திரர் என்னும் துறவியின் அழைப்பை ஏற்று வடக்கே நீண்ட யாத்திரை ஒன்றை மேற்கொண்டார். காஞ்சி வரதர்மேலும் காமாட்சிமேலும் பாடியதும், திருப்பதியில் பாடியதும், மாணவரான வீணை குப்பையரின் வேண்டுகோளால் திருவொற்றியூர்த் திரிபுரசுந்தரிமேல் ஐந்து கீர்த்தனைகள் பாடியதும் இந்த யாத்திரையின் பயன்கள். சென்னையில் அவரைத் தம் வீட்டில் வைத்து உபசரித்தவர் கோவூர் சுந்தர முதலியார் என்னும் செல்வர். பந்தர் தெருவில் இருந்த அவருடைய இல்லத்தில் தியாகராஜர் தேவகாந்தாரி ராகத்தை ஆறு நாள் தொடர்ந்து பாடினார் என்று சீடர் பரம்பரை சொல்லிவருகிறது. முதலியார் அவரைத் தம் சொந்த ஊரான கோவூருக்கும் அழைத்துச் சென்றார். அங்கே தம்மைப் பற்றி ஒரு பாட்டுப் பாடவேண்டும் என்று அவர் விரும்பியதாகவும், தியாகராஜர் அதற்கு இசையாமல் ஊர்க் கோயிலுக்குள் சென்று சுந்தரேசுவரர்மேல் ஐந்து பாட்டுகள் பாடியதாகவும் செவிவழி வரலாறு கூறுகிறது.

இந்த நிகழ்ச்சி சொல்லப்படுகிற வடிவத்திலேயே நடந்ததா என்பது இரண்டாம் நிலைக் கேள்வி. பாட்டுகளே போதிய சான்று தருகின்றன: ஊரின் பெயர் இருக்கிறது, இறைவனின் பெயர் இருக்கிறது, பாடியவரின் பெயர் இருக்கிறது, அழைத்து வந்தவரின் பெயர் எங்கும் இல்லை. இதில் ஒரு நுட்பமும் உண்டு. இறைவன் சுந்தரேசன், புரவலர் சுந்தர முதலியார். ஒரே ஒரு சொல்லை இரு பொருள்படச் சிலேடையாக வைத்திருந்தால் இறைவனையும் முதலியாரையும் ஒரே மூச்சில் மகிழ்வித்திருக்கலாம். அரசவைப் புலவர் பலர் இதைவிடக் கடினமான சிலேடைகளை எளிதாகக் கட்டியிருக்கிறார்கள். அந்த வாய்ப்பு கைக்கெட்டும் தொலைவில் இருந்தும் அது எடுக்கப்படவில்லை என்பதுதான் இந்தப் பஞ்சரத்தினத்தில் கவனிக்கத்தக்க முதல் செய்தி.

தமிழ் மரபில் இந்த மறுப்புக்கு நீண்ட முன்வரலாறு இருக்கிறது. சங்கப் புலவர்களுக்கு மனிதரைப் பாடுவதில் தயக்கம் இருந்ததில்லை. ஆண்மகனின் வீரத்தையும் கொடையையும் புகழ்வதற்குப் 'பாடாண்' என்று ஒரு திணையையே இலக்கணம் வகுத்து வைத்திருந்தது. பக்தி இயக்கம் அந்தப் பாடாண் திணையை அப்படியே எடுத்து, பாட்டுடைத் தலைவனை மட்டும் மாற்றியது. சுந்தரமூர்த்தி நாயனார் திருப்புகலூர்ப் பதிகத்தில், வலிமை இல்லாதவனை வீமன் என்றும் விசயன் என்றும், கொடுக்காதவனைப் பாரி என்றும் புகழ்ந்தாலும் கிடைக்கப்போவது ஒன்றுமில்லை என்று புலவர்களை அழைத்து எச்சரிக்கிறார். நம்மாழ்வாரும் திருவாய்மொழியில் தம் இன்கவியை மனிதர்மேல் செலுத்துவதில்லை என்று ஒரு பதிகம் முழுவதும் சொல்கிறார். இருவருடைய குரலிலும் ஒரு வேறுபாடு தெரிகிறது. நம்மாழ்வாருக்கு அது தகுதி பற்றிய கேள்வி. இறைவனுக்கென்று அமைந்த கவி வேறு எதற்கும் பொருந்தாது. சுந்தரருக்கோ அது ஓரளவு வாழ்க்கைக் கணக்கும்கூட. ஏனெனில் அவர் பொன்னும் நெல்லும் வேண்டாம் என்று சொன்னவர் அல்லர், அவற்றை இறைவனிடமே வாய்விட்டுக் கேட்டுப் பெற்றவர். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையில் இருக்கும் திருமுல்லைவாயிலில் அவர் பாடிய பதிகம் கண்பார்வை இழந்த துயரத்தின் நடுவே எழுந்தது. அங்கும் அவர் முறையிடுவது அந்த ஒரே இடத்தில்தான்.

இடைவழி ஒன்றும் தமிழில் இருந்தது. கோவூருக்கு மிக அருகிலுள்ள குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், இரண்டாம் குலோத்துங்க சோழனாகிய அநபாயனின் அமைச்சராக இருந்து பெரியபுராணம் பாடினார். அரசன் சீவக சிந்தாமணியின் காதல் சுவையில் ஈடுபட்டிருந்ததைக் கண்டு, அவன் மனத்தை அடியார் வரலாற்றின் பக்கம் திருப்பவே நூலைச் செய்தார் என்பது மரபு. நூல் அடியார்களின் புகழ். ஆனாலும் அநபாயனின் பெயர் ஆங்காங்கே நன்றியோடு இடம்பெறுகிறது. கம்பர் தம் இராமகாதையில் சடையப்ப வள்ளலை நினைவுகூர்வதும் இதே வகை. இவற்றை நரஸ்துதி என்று யாரும் பழித்ததில்லை. பெருங்காப்பியத்தின் பரப்பில் புரவலரின் பெயர் கோயில் சுவரில் ஓரமாய் வெட்டிய கல்வெட்டுப்போல அடங்கி நின்றுவிடுகிறது. சில வரிகளே கொண்ட கீர்த்தனையில் அத்தகைய ஓரம் கிடையாது. அங்கே வைக்கப்படும் எந்தப் பெயரும் நடுவில்தான் நிற்கும். தியாகராஜரின் கண்டிப்புக்கு அவர் எடுத்துக்கொண்ட வடிவமும் ஒரு காரணம் என்று கொள்வது பொருந்தும்.

தியாகராஜர் வாழ்ந்த காலத்தில் உலகின் மறுகோடியில் இதே கேள்வி வேறு உருவில் எழுந்திருந்தது. தியாகராஜருக்கு மூன்று ஆண்டு இளையவரான லுட்விக் வான் பீத்தோவன் (1770–1827), வியன்னா நகரில் 1796ஆம் ஆண்டு படைப்பு எண் பெற்ற தம்முடைய முதல் மூன்று பியானோ சொனாட்டாக்களை ஒரே தொகுதியாக, இரண்டாம் படைப்பு எண்ணோடு, வெளியிட்டார். 'சொனாட்டா' என்ற இத்தாலியச் சொல்லுக்கு ஒலிக்கப்படுவது என்று பொருள். பாடப்படுவதாகிய 'கந்தாத்தா'விலிருந்து பிரித்துக் காட்ட எழுந்த பெயர் அது. சொல்லே இல்லாமல், மூன்று நான்கு பகுதிகளாக, ஒரே கருவியில் வாசிப்பதற்கென்று முழுவதும் தாளில் எழுதி முடிக்கப்பட்ட இசை அது. பாட்டு இல்லை என்பதால் யாரையும் புகழ வழியில்லை என்று தோன்றலாம். ஆனால் முகப்புத் தாளில் ஒரு பெயர் இருக்கும். அதுவே அர்ப்பணிப்பு, அந்தக் காலத்து ஐரோப்பாவில் அது பெரும்பாலும் இளவரசர்களுக்கும் பிரபுக்களுக்கும் உரியதாக இருந்தது, பல நேரம் அதற்கு விலையும் இருந்தது. பீத்தோவன் இந்த மூன்று சொனாட்டாக்களை ஒரு பிரபுவுக்கு அர்ப்பணிக்காமல் தம் ஆசிரியரான ஜோசப் ஹைடனுக்கு அர்ப்பணித்தார். 'ஹைடனின் மாணவன்' என்று முகப்பில் போட்டுக்கொள்ளும்படி ஹைடன் விரும்பியதாகவும், பீத்தோவன் அதற்கு உடன்படவில்லை என்றும் அவருடைய மாணவர் ஃபெர்டினாண்ட் ரீஸ் பதிவு செய்திருக்கிறார். ஆசிரியரின் பெயருக்கு இடம் உண்டு, தம் பெயரை அதற்குக் கீழே அடைமொழியாகத் தொங்கவிட இடம் இல்லை என்ற அந்தக் கோடு மிக மெல்லியது. ஆனால் கிழித்தவருக்கு அது தெளிவாக இருந்தது.

அந்தத் தொகுதியின் முதல் சொனாட்டாவின் தொடக்கத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும். வலக்கை ஒரு சோகமான சுரவரிசையில் மேலே தாவி ஏறி, உச்சியில் ஒரு சிறு சுழலோடு நிற்கிறது. அதே அசைவு வேறொரு நிலையிலிருந்து மீண்டும் நிகழ்கிறது. பின் ஏறும் பகுதி கழிந்து, அந்தச் சுழல் மட்டும் தனியே எடுக்கப்பட்டு நெருக்கி நெருக்கி வாசிக்கப்படுகிறது. எட்டாவது தாள அளவையில், கேட்பவரின் மூச்சு இறுகிய நேரத்தில், இசை சட்டென்று நின்றுவிடுகிறது. நீண்டதைச் சொல்லி, அதில் ஒரு துண்டை எடுத்து, அதையும் குறுக்கிக் கொண்டே போகும் இந்த முறை கருநாடக இசை அறிந்தவருக்குப் புதிதல்ல. பசுவின் வால்போல் அகன்று தொடங்கிக் குறுகி முடிவதைக் 'கோபுச்ச யதி' என்று இங்கே சொல்வார்கள். இருபதாம் நூற்றாண்டில் புதிய இசைக்கு வழி வகுத்த அர்னால்ட் ஷோன்பெர்க், ஓர் இசைக்கருத்தை எப்படித் தொடங்கி வளர்ப்பது என்று மாணவர்களுக்குக் கற்பிக்க இந்த எட்டு அளவைகளையே மாதிரியாக எடுத்தார். இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் எழுதிய சில நொடி இசை நூறாண்டு தாண்டிப் பாடநூலில் அமர்ந்தது; பியானோ கற்பவர்கள் இன்றும் அதைத் தேய்த்துத் தேய்த்துப் பயில்கிறார்கள்.

பீத்தோவன் புரவலர்களை மறுத்தவர் அல்லர். லிக்னோவ்ஸ்கி, வால்ட்ஸ்டைன் முதலிய பிரபுக்களின் பெயர்கள் அவருடைய சொனாட்டாக்களின் முகப்பில் இருக்கின்றன. 1809இல் மூன்று பிரபுக்கள் சேர்ந்து ஆண்டுக்கு 4,000 ஃப்ளோரின் கொடுப்பதாக எழுதித் தந்த உடன்படிக்கையை அவர் ஏற்றுக்கொண்டார். ஆனால் மூன்றாம் சிம்பொனியை நெப்போலியனை மனத்தில் வைத்து எழுதியவர், 1804இல் அவன் தன்னைத்தானே பேரரசனாக அறிவித்துக்கொண்டான் என்று கேட்டதும் அந்தப் பெயரைச் சினத்தோடு நீக்கினார். நம்மாழ்வார் அறிவித்த பொருந்தாமையை வியன்னாவின் இசைஞர் அனுபவத்தால் கண்டடைந்தார் என்று இதைச் சொல்லலாம். மனிதர் மாறுகிறார்கள், பாட்டு அப்படியே நிற்கிறது; மாறுகிற ஒன்றின் பெயரை மாறாத ஒன்றில் எழுதி வைப்பதில் எப்போதும் ஓர் ஆபத்து இருக்கிறது.

கோவூருக்குத் திரும்பலாம். ஐந்து கீர்த்தனைகள்: சகானாவில் 'ஈ வசுதா', கரகரப்பிரியாவில் 'கோரி சேவிம்ப', பந்துவராளியில் 'சம்போ மகாதேவா', கல்யாணியில் 'நம்மி வச்சின', சங்கராபரணத்தில் 'சுந்தரேசுவருனி'. 'சம்போ மகாதேவா' வடமொழியில் அமைந்தது, மற்றவை தெலுங்கு. கீர்த்தனை என்பது பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற மூன்று உறுப்புகள் கொண்டது. பல்லவியின் ஒரே வரியைச் சிறிது சிறிதாக மாற்றி வளர்த்துப் பாடும் மாறுபாடுகளுக்குச் 'சங்கதி' என்று பெயர். இந்தச் சங்கதிகளைக் கீர்த்தனையின் உடலிலேயே அமைத்து, ஒவ்வொன்றும் முந்தையதிலிருந்து முளைப்பதுபோல் அடுக்கியது தியாகராஜரின் பெருங்கொடை. சொனாட்டாவின் எட்டு அளவைகளில் கருத்து குறுகிக் குறுகிச் செறிகிறது. சங்கதியில் அதே வரி விரிந்து விரிந்து நிறைகிறது. திசைகள் எதிரெதிரானவை, ஒரு சிறு விதைக்குள் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று தேடிப் பார்க்கும் உழைப்பு இரண்டிலும் ஒன்றே.

'சம்போ மகாதேவா'வின் சரணத்தில் ஒரு சொல் நின்று பார்க்கத்தக்கது. கோவூர் என்ற தமிழ்ப் பெயரை வடமொழிப் பாட்டில் வைக்க வேண்டிய இடத்தில் தியாகராஜர் அதைக் 'கோபுரம்' என்று ஆக்கினார்: கோ பசு, புரம் ஊர். கேட்பவர் முதலில் கோயிலின் கோபுரத்தை நினைப்பார். பின்னரே அது ஊரின் பெயர் என்று புரியும். சிலேடை செய்யத் தெரியாதவர் அல்லர் அவர் என்பதற்கு இந்த ஒரு சொல் போதும். புரவலரின் பெயரில் செய்ய மறுத்த சிலேடையை ஊரின் பெயரில் மனமுவந்து செய்திருக்கிறார். ஊர் யாருக்கும் தனியுடைமை அன்று. முதலியாருக்கு எவ்வளவு உரிமையோ அவ்வளவு உரிமை அங்கே மாடு மேய்த்தவருக்கும் உண்டு.

சமயநோக்கில் இதைவிட ஆழமான சிக்கல் ஐந்தாவது கீர்த்தனையில் இருக்கிறது. வாழ்நாள் முழுவதும் இராமனையே உபாசித்தவர், இராம நாமத்தை 96 கோடி முறை செபித்தவர் என்று மரபு போற்றுகிறவர், சங்கராபரணக் கீர்த்தனையில் சுந்தரேசுவரரைக் கண்ட பிறகு மற்றத் தேவர்களைப் பார்க்க மனம் வருமா என்று கேட்கிறார். மற்றத் தேவர்கள் என்றால் இராமனும் அதில் அடங்குவானா? சொல்லைச் சொல்லாக மட்டும் எடுத்தால் இது முரண். அந்தந்த வேளையில் வழிபடப்படும் தெய்வத்தையே முழுமுதலாகக் கண்டு, மற்றவை அந்த நேரத்தில் பார்வையிலிருந்து விலகும் இந்த மனநிலையை வேதப் பாடல்களில் கண்ட மாக்ஸ் முல்லர் அதற்கென்று தனிப்பெயரே சூட்டினார். ஆனால் தியாகராஜரின் நிலையை விளக்க அவருடைய சொந்தப் பாட்டே போதும். சித்தரஞ்சனி ராகத்தில் அமைந்த 'நாத தனுமனிசம்' என்ற கீர்த்தனையில் அவர் சிவனை நாதத்தையே உடலாகக் கொண்டவராகவும், ஏழு சுரங்களும் அவருடைய ஐந்து முகங்களிலிருந்து பிறந்தவையாகவும் வணங்குகிறார். இசையை வழிபாடாகச் செய்வதற்கு 'நாதோபாசனை' என்று பெயர். அந்த உபாசனையில் இருப்பவருக்கு, இராமன் பாட்டின் பொருளாகவும் சிவன் பாட்டின் ஒலியாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியும். பெயரும் ஒரு பிணைப்பைத் தருகிறது: 'தியாகராஜர்' என்பது அவர் பிறந்த திருவாரூரில் எழுந்தருளியிருக்கும் சிவனின் திருப்பெயர்.

இங்கே ஒரு நேர்மையான மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். புரவலரின் பெயரை மறுத்தவர் தம் பெயரை மட்டும் ஒவ்வொரு பாட்டிலும் வைத்தது எப்படி? பாட்டின் இறுதியில் இயற்றியவர் தம் பெயரைப் பொறிப்பதற்கு 'முத்திரை' என்று பெயர். முத்திரை உரிமைச் சின்னமாகவும் பயன்பட்டது, படைப்புகள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் காத்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெயர் எந்த வேற்றுமையில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். தியாகராஜனால் துதிக்கப்பட்டவனே, தியாகராஜனின் உள்ளத்தில் உறைபவனே என்று, பெரும்பாலும் இறைவனைச் சுட்டும் தொடரின் பகுதியாகவே அது வருகிறது. வணங்குபவரின் இடத்தில் நிற்கும் பெயர் அது, வணங்கப்படுபவரின் இடத்தில் நிற்பதில்லை. தாம் அறவே அழிந்துவிட்டதாக அவர் எங்கும் நடிக்கவில்லை. துதிப்பவர் ஒருவர் இல்லாமல் துதி இல்லை என்பதை அந்த முத்திரை ஒளிவின்றி ஒப்புக்கொள்கிறது.

இன்னொரு மறுப்பும் உண்டு: முதலியாரின் வீட்டில் தங்கி, அவர் சோற்றை உண்டு, அவருடைய பல்லக்கில் பயணம் செய்துவிட்டுப் பாட்டை மட்டும் மறுப்பது எளிதான தூய்மை ஆகாதா? இதற்கு விடையாக, கோவூரின் தொடர்ச்சியாகச் சொல்லப்படும் கதை ஒன்று இருக்கிறது. யாத்திரையில் அடுத்து புறப்பட்டபோது, தியாகராஜருக்குத் தெரிந்தால் ஏற்கமாட்டார் என்று அறிந்த முதலியார், ஆயிரம் பொற்காசுகளைச் சீடர்களின் பொறுப்பில் ரகசியமாக வைத்து அனுப்பினார்; வழியில் நாகலாபுரத்துக்கு அருகே திருடர்கள் சூழ்ந்தார்கள். தம்மிடம் பணமே இல்லையே என்று சொன்ன தியாகராஜரிடம் சீடர்கள் உண்மையைக் கூறினார்கள். அது இராமநவமி வழிபாட்டுக்கென்று கொடுக்கப்பட்டது என்றார்கள். அப்படியானால் அது இராமனின் பொருள், அவனே காத்துக்கொள்வான் என்று சொல்லி அவர் தர்பார் ராகத்தில் 'முந்து வெனுக' என்ற கீர்த்தனையைப் பாட, இரண்டு இளைஞர்கள் தோன்றி அம்பெய்து திருடர்களை விரட்டியதாகக் கதை முடிகிறது.

அற்புதத்தை நம்புவதும் நம்பாததும் வாசகரின் விருப்பம். கதையின் நடுவில் இருக்கும் மனிதச் செயல் அற்புதத்தைவிடப் பெரியது. பாட்டில் பெயர் கேட்டு மறுக்கப்பட்ட ஒருவர், மனம் கசந்து ஒதுங்காமல், தம் பெயர் தெரியாதபடி கொடுத்து அனுப்புகிறார். முதலில் கேட்டது புகழுக்கான விலை. பின்னர் கொடுத்தது கொடை. பாடகரின் மறுப்பு புரவலரை அவமதித்திருந்தால் இந்த இரண்டாவது செயல் நிகழ்ந்திருக்காது. சுந்தர முதலியாரைப் பற்றி ஒரு பாட்டு இருந்திருந்தால் அவருடைய குடும்பத்தார் சில தலைமுறை அதைப் பாடியிருப்பார்கள். பாட்டே இல்லாததால், கோவூர்ப் பஞ்சரத்தினத்தைப் பற்றிப் பேசும் ஒவ்வொருவரும் அவர் பெயரைச் சொல்லாமல் அதை விளக்க முடியாமல் போயிற்று. இதை முரண் என்று கொண்டாடத் தேவையில்லை. அவர் அந்த இடத்துக்குத் தகுதியானவர் என்பதே சரியான மதிப்பீடு.

ஒரு படைப்பு எங்கே வாழ்கிறது என்ற கேள்வியும் இத்தோடு சேர்ந்தது. பீத்தோவனின் சொனாட்டா தாளில் வாழ்கிறது. வாசிப்பவர் மாறலாம், தாளில் உள்ளது மாறாது. தியாகராஜரின் கீர்த்தனை சீடரின் நாவில் வாழ்ந்தது. இந்த வேறுபாட்டை நினைக்கும்போது, ஆவடிக்கு மேற்கே இருக்கும் திருநின்றவூரின் பூசலார் நினைவுக்கு வருகிறார். கல்லும் மரமும் வாங்கப் பொருள் இல்லாத அவர், மனத்துக்குள்ளேயே நாள் பார்த்து அடிக்கல் நாட்டி, சுவர் எழுப்பி, சுதை பூசி, கிணறு தோண்டி ஒரு கோயில் கட்டினார். காஞ்சியில் கற்கோயில் எடுத்த பல்லவ மன்னனின் குடமுழுக்கு நாளில் இறைவன் பூசலாரின் கோயிலுக்கே போவதாகக் கனவில் கூறினார் என்று, குன்றத்தூர்ச் சேக்கிழார் இதே வட்டாரத்தின் கதையைச் சொல்லி வைத்தார். கீர்த்தனையும் பூசலாரின் கோயில் போன்றதே. கட்டுமானத்தில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அது நிற்கும் நிலம் மனம்.

மனத்தில் நிற்பதற்கு ஒரு விலையும் உண்டு. பாடியவரோடு பல மறைந்திருக்கும். தியாகராஜருடையவையாக இன்று ஏறத்தாழ 700 கீர்த்தனைகளே கிடைக்கின்றன. உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டை என்ற மூன்று சீடர் வழிகள் அவற்றைக் காத்தன. வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் வழியில் எழுதி வைக்கப்பட்ட சுவடிகள் மதுரை சௌராஷ்டிர சபையில் பாதுகாக்கப்படுகின்றன. சென்னையில் அரசுப் பணியில் இருந்த கிறித்தவரான சின்னசாமி முதலியார், 1890களில், வாலாஜாபேட்டை வழியினரிடம் கேட்டுக் கேட்டு இந்தக் கீர்த்தனைகளை ஐரோப்பிய இசைக்குறியீட்டில், சொனாட்டாக்கள் எழுதப்படும் அதே ஐந்து கோடுகளில், அச்சிட்டு வெளியிட்டார். இராமபக்தர் ஒருவரின் பாட்டைக் காப்பாற்றத் தம் உடலையும் பொருளையும் செலவழித்த அந்தக் கிறித்தவரை இசை நூல்கள் இன்னும் போதிய அளவு போற்றவில்லை.

செல்வாக்கு என்பது எவ்வாறு வேலை செய்கிறது என்பதற்குக் 'கோரி சேவிம்ப' ஒரு நல்ல எடுத்துக்காட்டு. கரகரப்பிரியா ராகத்தில் தியாகராஜரின் காலத்தவரான முத்துசாமி தீட்சிதரோ சியாமா சாஸ்திரியோ கீர்த்தனை செய்யவில்லை. இன்று கச்சேரிகளில் மணிக்கணக்காக விரிக்கப்படும் அந்த ராகத்தின் உருவம் பெரும்பாலும் தியாகராஜரின் பாட்டுகளிலிருந்தே தோன்றியது. இன்று கரகரப்பிரியாவை ஆலாபனை செய்பவர், தியாகராஜரின் ஒரு சொல்லைக்கூட உச்சரிக்காத நேரத்திலும், அவர் போட்ட பாதையில்தான் நடக்கிறார். பெயர் சொல்லாமலே பின்பற்றப்படுவது பெயரோடு புகழப்படுவதைவிட ஆழமான இருப்பு. சொனாட்டாவின் எட்டு அளவைகளுக்கும் இது பொருந்தும். ஹைடனின் பெயர் முகப்பில் இருக்கிறது, ஆனால் ஹைடனிடம் கற்றது ஒவ்வொரு அளவையின் உள்ளேயும் இருக்கிறது.

திருவையாற்றில் ஆண்டுதோறும் தை மாதத்தில் கூட்டாகப் பாடப்படும் தியாகராஜரின் கனராகப் பஞ்சரத்தினத்தை இசை பயிலும் குழந்தைகள் எல்லோரும் அறிவார்கள். கோவூரின் ஐந்தில் 'சம்போ மகாதேவா'வும் 'கோரி சேவிம்ப'வும் மேடையில் கேட்கக் கிடைக்கின்றன. மற்ற மூன்றும் அவ்வளவாகக் கிடைப்பதில்லை, ஐந்தையும் ஒரே தொகுதியாகக் கற்பவர் குறைவு. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் பாட்டு வகுப்பு நடத்தும் ஆசிரியர்கள் வர்ணம் முடித்த மாணவர்களுக்கு இந்த ஐந்தையும் வரிசையாகச் சொல்லித் தந்து, ஒரு பிரதோஷ மாலையில் அவர்களைக் கோவூருக்கு அழைத்துச் சென்று சுந்தரேசுவரர் சன்னிதியிலேயே பாடச் செய்ய வேண்டும். 'சம்போ மகாதேவா'வில் 'கோபுர' என்ற சொல் வரும் இடத்தில், அது தாங்கள் நிற்கும் ஊரின் பெயர்தான் என்பதை அந்தக் குழந்தைகளுக்குச் சொல்லிவிட வேண்டும்.